இரும்பினுள் இருக்கும் இடம்

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறியவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதே. பலகையில் ஐவர் அமர்ந்திருப்பர். இங்கே நான்கு விரற்கடை, அங்கே மூன்று விரற்கடை என இடம் சிதறிக் கிடக்கும். ஆயினும் புதிதாக ஏறிய சிறுவனுக்கு உட்கார இடமிராது. "சற்று நெருங்கி உட்காருங்கள்" என்று ஒரு பெரியவர் சொன்னதும் பலகையின் ஓரத்தில் ஓர் இடம் பிறந்துவிடும். இரும்புக்குள்ளும் இதற்கு ஒப்பான விந்தை ஒன்று நிகழ்கிறது.

இரும்பு ஒரு படிகப் பொருள். அதன் அணுக்களை ஒரே அளவுள்ள உருண்டைகளாகப் பாவித்து, மொத்தக் கன அளவில் எத்தனை பங்கை அவை அடைத்துக்கொள்கின்றன என்று கணக்கிட்டால் கிடைப்பது பொதிவுத் திறன். மாட்டின் முதுகிலேற்றும் பொதியை நினைவூட்டும் இச்சொல் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காகிதமும் பென்சிலும் அருகிலிருந்தால் கணக்கைப் போட்டே பார்க்கலாம். சாதாரண வெப்பநிலையில் இரும்பணுக்கள், ஒரு கன சதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அமைகின்றன. ஒவ்வொரு மூலை அணுவையும் எட்டுக் கன சதுரங்கள் பங்கிட்டுக்கொள்வதால், மூலைகளின் பங்கு ஓர் அணுவே. நடுவிலுள்ளதையும் சேர்த்தால் 2. உருண்டையின் ஆரம் 1 என்று கொள்வோம். ஒரு மூலையிலிருந்து நடு அணுவைத் துளைத்து எதிர்மூலை செல்லும் கோட்டின் நீளம் 4. அதை 3-இன் வர்க்க மூலமாகிய 1.732-ஆல் வகுத்தால், பக்கம் 2.31. கன சதுரத்தின் கன அளவு ஏறத்தாழ 12.32, இரண்டு உருண்டைகளின் கன அளவு 8.38. ஆகவே நிரம்பியது நூற்றுக்கு 68, வெற்றிடம் 32.

தூய இரும்பை 912 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சினால் அணுக்கள் இடம் மாறுகின்றன. நடு இடம் காலியாகி, ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் அமர்கின்றன. இதே கணக்கைப் போட்டால் நூற்றுக்கு 74 வரும். கடைவீதியில் ஆரஞ்சுப் பழங்களைக் கூம்பாக அடுக்குகிறார்களே, அந்த அடுக்குதான் இது. இதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க இயலாது என்று 1611-இல் கெப்ளர் கூறினார். பழக்கடைக்காரர் அறிந்திருந்த இவ்வுண்மைக்கு, தாமஸ் ஹேல்ஸ் 1998-இல்தான் நிரூபணம் அளித்தார்!

எஃகு செய்யக் கரி அணுக்கள் இரும்பினுள் புக வேண்டும். வெற்றிடம் மிகுந்த முதல் அமைப்பில்தான் அவை எளிதில் புகும் என்று எவரும் எண்ணுவர். நடப்பதோ நேர்மாறு. அதில் கரி கரைவது அதிகமாகப் போனால் எடையில் நூற்றுக்கு 0.02; நெருக்கமான இரண்டாம் அமைப்பிலோ 2 வரை கரையும். காரணம், முதலாவதில் வெற்றிடம் பல சிறு இடுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. மிகப் பெரிய இடுக்கிலும் இரும்பணுவின் ஆரத்தில் 0.29 பங்குள்ள உருண்டைதான் அடங்கும். இரண்டாவதில் இடுக்குகள் குறைவு. ஆனால் பெரியவற்றில் 0.41 பங்குள்ளது அடங்கும். மொத்தத்தில் எவ்வளவு காலி என்பதைப் பொதிவுத் திறன் சொல்லும். அது எவ்விதம் பங்கிடப்பட்டுள்ளது என்பதைச் சொல்லாது.

கொல்லர் அரிவாளைச் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவதன் உட்பொருளும் இதுவே. சூட்டில் உள்ளே புகுந்த கரி, திடீரென்று குளிர்ந்ததும் வெளியேற அவகாசமின்றிச் சிக்கிக்கொள்கிறது. பழைய அமைப்புக்குத் திரும்ப முயலும் இரும்பணுக்கள் அதனால் நெளிந்து இறுகுகின்றன. அரிவாளின் வாய் கடினப்படுவது அந்த இறுக்கத்தினாலேயே.