நின்றுபோன ஏ.சி. சொல்லும் பாடம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னோட்டவியலைப் பல ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பில் நடத்திவருகிறேன். இருந்தும் நானே செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இன்று தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் வெயில் ஏறும் நேரத்தில் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. தூக்கிவிட்டால் அரை மணி நேரம் ஓடும், மறுபடி விழும். "16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டால் விழாது" என்றார் ஒருவர். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தேர்வு நெருங்கிவிட்டதே என்று தலையாட்டினேன். அதன்பிறகு எம்.சி.பி. விழவில்லை. நான்காம் நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "சார், ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள். மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தோம். சுவருக்குள் போகும் இடத்தில் கம்பியின் மேலுறை உருகிப் பழுப்பேறியிருந்தது. இரண்டு ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் ஒரே மெல்லிய கம்பியில் இணைக்கப்பட்டிருந்தன. எம்.சி.பி. மூன்று நாள் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. அதன் வாயை அடைத்துவிட்டோம்.

அன்று முதல் ஏ.சி.யை ஒரு பாடமாகவே பார்க்கிறேன். அதன் மின்சுற்றில் இரண்டு வகை வேலை நடக்கிறது. ஒன்று கட்டுப்பாடு, மற்றொன்று பாதுகாப்பு.

கட்டுப்பாட்டை முதலில் பார்ப்போம். அறைக்காற்று உள்ளே நுழையும் இடத்தில் தெர்மிஸ்டர் என்னும் சிறு உணரி இருக்கிறது. வெப்பநிலை உயர்ந்தால் அதன் மின்தடை குறையும். மின்னணுப் பலகை இதை அளந்து, நாம் ரிமோட்டில் வைத்த அளவோடு ஒப்பிடும். குளிர் போதவில்லை என்றால் ரிலேவுக்குச் சிறு மின்னோட்டம் அனுப்பும். ரிலேவில் இருக்கும் கம்பிச்சுருள் மின்காந்தமாகி, கம்ப்ரசருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தின் சாவியை மூடும். சிறிய மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தை ஆளும் இந்த ஏற்பாடு, மின்காந்தப் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரசரை முழுதாக நிறுத்தி ஓட்டுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் அதன் வேகமே கூட்டிக் குறைக்கப்படுகிறது.

"அணைத்துவிட்டு உடனே போட்டால் ஏன் சார் குளிர்வதில்லை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏ.சி. பழுதாகிவிடவில்லை. கம்ப்ரசர் நின்றவுடன் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். அந்த நிலையில் கிளப்பினால் மோட்டார் சுழல முடியாமல் திணறி, பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இரு பக்க அழுத்தமும் சமனாக, பலகை ஏறத்தாழ 3 நிமிடம் காத்திருக்கிறது.

இனி பாதுகாப்பு. கம்ப்ரசர் மின்சுற்றில் ஓவர்லோடு காப்பான் உண்டு. பல கம்ப்ரசர்களில் அது ஓர் ஈருலோகப் பட்டை. அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்து சுற்றைத் திறக்கும், ஆறியதும் மூடும். பெரிய ஏ.சி.களில் அழுத்தம் கூடினாலோ குறைந்தாலோ திறக்கும் சாவிகளும் இருக்கும். இவை பொதுவாகத் தொடரிணைப்பில் இருக்கும். அதனால் இவற்றில் ஒன்று திறந்தாலும் கம்ப்ரசர் ஓடாது. தொடரிணைப்பில் ஒரு பல்பு போனால் எல்லாம் அணையும் என்பதைக் குறையாகவே சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே அதுவே உயிர்காக்கும் குணம்.

ஒன்றை ஆசிரியர்களாகிய நாமும் குழப்பிக்கொள்கிறோம். எம்.சி.பி. காப்பது கம்பியை, நம்மை அல்ல. மனித உடலுக்குள் பாயும் சில பத்து மில்லி ஆம்பியரே உயிரைப் பறிக்கப் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை உணரவே உணராது. ஆளைக் காப்பவை முறையான எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும்தான். ஆய்வகத்தில் இரண்டும் இருக்கின்றனவா என்று நாளையே பாருங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். விழாவிட்டால் மின்பணியாளரை அழையுங்கள்.

ஏ.சி.யை எந்த மாணவரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வகுப்பில் செய்துகாட்ட வேறு வழி இருக்கிறது. பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட், இரண்டு பேட்டரி செல், ஒரு டார்ச் பல்பு, இரண்டு சாவி ஆகியவற்றைத் தொடரிணைப்பில் சேருங்கள். தெர்மோஸ்டாட்டைக் குறைந்த அளவில் வைத்து, பட்டைக்கு அருகே மெழுகுவத்தியை நீங்களே காட்டுங்கள். பட்டை வளைந்து பல்பு அணையும், ஆறியதும் மறுபடி எரியும். ஒரு சாவிக்கு "அழுத்தம்", மற்றொன்றுக்கு "வெப்பநிலை" என்று பெயரிட்டு இரண்டு மாணவர்களிடம் கொடுங்கள். "யார் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார்?" என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். தொடக்க வகுப்பில் பட்டையும் மெழுகுவத்தியும் வேண்டாம், சாவிகளும் பல்புமே போதும்.

அந்தக் கேள்விதான் இந்த உரையின் சாரம். ஒரு கருவி நின்றுபோனால் "எப்படி ஓட வைப்பது?" என்று கேட்பதற்கு முன் "ஏன் நின்றது?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒவ்வொரு ஏ.சி.க்கும் தனிக் கம்பி, தனி எம்.சி.பி. இருக்கிறது. அன்று அந்த மாணவி வாசனையை உணர்ந்தாள், சொல்லவும் தயங்கவில்லை. அவள் அன்று வாயைத் திறந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப்பார்க்கிறேன். எச்சரிக்கும் கருவியையும் எச்சரிக்கும் பிள்ளையையும் நாம் ஒருபோதும் வாயடைக்கக் கூடாது.