2184 சொல்லித்தரும் பாடம்

(ஆழ்வார்திருநகரியில் கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இந்த ஊர் வழியே ஓடும் தாமிரபரணியில், சீவலப்பேரி அருகே சிற்றாறு வந்து கலக்கிறது. அந்தச் சிற்றாறு பிறக்கும் குற்றாலத்துக்குப் பக்கத்தில், வல்லம் என்னும் ஊரில் 1901இல் பிறந்தவர் எஸ்.எஸ்.பிள்ளை. உலகம் மதிக்கும் எண்ணியல் அறிஞர். பள்ளிப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவருடைய படிப்பு நின்றுவிடாமல் உதவியவர் ஓர் ஆசிரியர். பிள்ளை கண்ட உண்மை ஒன்றை ஆறாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே விளக்கலாம்.

24, 25, 26, 27, 28 என்று கரும்பலகையில் எழுதுங்கள். 25க்கும் மற்ற நான்கில் எதற்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. அதாவது, மற்ற எல்லாவற்றோடும் அது சார்பகா எண். வேறு ஐந்து தொடர் எண்களை எடுத்தாலும் இப்படி ஒன்று கிடைக்குமா? மாணவர்கள் தேடட்டும். கிடைக்கும். ஏழு எண்களில், பத்து எண்களில் தேடினாலும் கிடைக்கும். "எப்பவுமே வரும் சார்" என்று வகுப்பே சொல்லும்.

பதினாறு எண்கள் வரை அது உண்மைதான். பிள்ளை 1940இல் அதை நிரூபித்தார். பதினேழு எண்கள் என்றால் அது பொய்த்துவிடலாம் என்பதையும் காட்டினார். முதலில் பொய்க்கும் இடம் 2184 முதல் 2200 வரை.

இதைச் சரிபார்ப்பது எளிது. இரண்டு எண்களின் பொதுக் காரணி அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். இங்கே மிகப்பெரிய வித்தியாசம் 16. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 ஆகிய பகா எண்களைப் பார்த்தால் போதும். இரட்டை எண்களுக்குப் பொதுக் காரணி 2. மீதி எட்டு ஒற்றை எண்களில் 2187, 2193, 2199 மூன்றால் வகுபடும். 2185, 2195 ஐந்தால் வகுபடும். 2191க்கும் 2184க்கும் பொதுக் காரணி 7. 2189க்கும் 2200க்கும் 11. 2197க்கும் 2184க்கும் 13. ஒன்றுகூடத் தப்பவில்லை!

இப்போது 2200ஐ அழித்துவிட்டுப் பாருங்கள். 2189 தனித்து நிற்கும். 2200ஐ மீண்டும் எழுதிவிட்டு 2184ஐ அழித்தால் 2197 தனித்து நிற்கும். ஏன் என்று மாணவர்களே சொல்லட்டும்.

மூன்று எடுத்துக்காட்டுகள் சரியாக வந்ததும் "ஆகவே இது எப்போதும் உண்மை" என்று எழுதிவிடும் பழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. இங்கே 2183 வரை எந்த எண்ணில் தொடங்கினாலும், அடுத்தடுத்த பதினேழு எண்களில் அப்படி ஒன்று கிடைக்கிறது. 2184இல் தொடங்கும்போது கிடைப்பதில்லை. எடுத்துக்காட்டு நம்பிக்கை தரும்; நிரூபணம்தான் உறுதி தரும். இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்யவைப்பதைவிட, ஒரு பாடவேளை செலவிட்டு மாணவர்களே கண்டுகொள்ளச் செய்யலாம்.

அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளை, 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரை நம் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். "எப்பவுமே வருமா சார்?" என்று ஒரு குழந்தை கேட்டால், பாடம் முடிய வேண்டுமே என்று கடந்துபோகாதீர்கள். கணிதம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.