வெள்ளம் தாங்கும் நெல்: மரபுச் சுவடி சொன்ன சேதி



ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், நட்ட சம்பாப் பயிர் பத்து நாள் தண்ணிக்குள்ளே மூழ்கிக் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணி வடிஞ்சதும் அழுகின பயிர்தான் மிச்சம். மறுநடவுக்கு நாற்றும் கிடைக்காது, பருவமும் தப்பிப் போகும். இதற்கு ஒரு வழி, நெல்லின் மரபுச் சுவடியைப் படித்ததால் கிடைத்தது.

அது என்னங்க சுவடி? மனிதன், மாடு, நெல் எதுவானாலும் உடம்பின் நுண்ணிய செல்லுக்குள்ளே டி.என்.ஏ. என்று ஓர் இழை இருக்கிறது. அதில் இருப்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகள்தான். அவை மாறி மாறி வரும் வரிசைதான் சுவடி. அதில் ஒரு வேலைக்கான உத்தரவு அடங்கிய பகுதியை ஜீன், அதாவது மரபணு என்கிறோம்.

மனிதனின் சுவடியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதைப் பெரும்பாலும் 2003இல் படித்து முடித்தார்கள். நெல்லுக்குச் சுமார் 39 கோடி. ஜப்பான், அமெரிக்கா, சீனா, இந்தியா உள்ளிட்ட நாடுகள் பங்கு போட்டுக்கொண்டு படித்து, 2005இல் வெளியிட்டார்கள். கோதுமைக்கோ ஏறத்தாழ 1,600 கோடி! எழுத்துக் கூடினால் பெரிய உயிர் என்று அர்த்தமில்லை, பார்த்தீர்களா?

ஒரு சுவடியை மட்டும் படித்தால் பாதி சேதிதான் தெரியும். இரண்டு பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வித்தியாசம் என்று பார்க்கிறோமில்லையா, அப்படி ஒப்பிட வேண்டும்.

ஒடிசாவில் எப்.ஆர்.13ஏ என்று ஒரு பழைய நெல். விளைச்சல் குறைவு, ஆனால் வெள்ளத்தில் சாகாது. அதன் ஒன்பதாவது குரோமோசோமை, முன்பே படித்து வைத்த ஜப்பானிய நெல்லோடு ஒப்பிட்டார்கள். ஜப்பானிய நெல்லில் இல்லாத ஒரு ஜீன் இதில் இருந்தது. சப் 1ஏ என்று பெயரிட்டு 2006இல் அறிவித்தார்கள். சாதாரணப் பயிர் மூழ்கினால், மேலே வரத் தவித்து வேகமாக நீளும். சேமிப்பெல்லாம் செலவாகிச் சாகும். இந்த ஜீன் உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைக் காப்பாற்றி, தண்ணி வடிந்ததும் மறுபடி துளிர்க்கும்.

இது மரபணு மாற்றுப் பயிரா என்று கேட்பீர்கள். இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்ததுதான். இளநாற்றின் இலையைச் சோதித்து, ஜீன் வந்த நாற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். இப்படி வந்த ஸ்வர்ணா சப் 1, 2009இல் இந்தியாவில் வெளியானது. நமது சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இது தாங்குவது ஏறத்தாழ இரண்டு வாரம்தான். அதற்கு மேல் நின்றால் இதுவும் அழுகும். ஆகவே வடிகாலைத் தூர் வாராமல் விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று. விளைச்சல் இல்லை என்று எல்லோரும் எப்.ஆர்.13ஏ-வைக் கைவிட்டிருந்தால், அந்த ஜீன் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். 2018 வரை 3,010 நெல்களின் சுவடிகளைப் படித்து ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அழிந்த நெல்லை எப்படிப் படிப்பது? உங்கள் குதிரில் பழைய விதை ஒரு மரக்கால் இருந்தாலும், ஒரு மூலையில் விதைத்துக் காப்பாற்றுங்கள். விவசாயிகள் காத்துவந்த ரகத்தைப் பதிவு செய்ய 2001ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. விவரம் வேண்டுமானால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.