இசை தரும் உறவு



வளரும் பிள்ளைகளை வாட்டும் துயர்களுட் கொடியது தனிமை. 2009ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின், உற்றாரை இழந்து வன்னியிலுள்ள தம் ஊர்களுக்கு மீண்ட பிள்ளைகள் பலர். வகுப்பறையில் இருந்தனர், ஆயினும் எவரோடும் கூடி இருந்தாரல்லர்.

வெனிசுவேலா நாட்டில் 1975ஆம் ஆண்டில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு என்பார் இளையோருக்கான வாத்தியக் குழுவொன்றைத் தொடக்கினார். அம்முயற்சி பின்னர் ஏழைச் சிறுவர் பலரை அணைத்துக்கொண்டது. அவ்வழியைப் பின்பற்றி, போருக்குப்பின் இலங்கையில் எழுந்த ‘மியூசிக் புரொஜெக்ட்’ என்னும் அமைப்பு, முல்லைத்தீவிலும் குருநாகலிலும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வயலின் முதலிய வாத்தியங்களைக் கற்பித்தது. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒருங்கமர்ந்து வாசித்தனர்.

இதன் பயன் யாது? தனித்திருக்கும் பிள்ளைக்கு நாம் ஆறுதல் கூறுகின்றோம். குழுவிசையோ அப்பிள்ளையிடம் ஒரு பணியை ஒப்படைக்கின்றது. அவன் வில்லை எடுக்கத் தவறினால் இசை குறைபடும். பிறர் அவனுக்காகக் காத்திருப்பர். தான் வேண்டப்படுபவன் என்றறிவதே உறவின் தொடக்கம்.

பரீட்சை நெருங்கியதும் சங்கீத பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதிபர்களே, பெற்றோர்களே, அவ்வேளையைப் பறியாதீர்கள். பேசாத பிள்ளை ஒருவன் நாள் முழுவதிலும் வாய்திறக்கும் நேரம் அதுவாகவே இருக்கலாம்.