பிள்ளை வராத விருந்து



சினிமா பற்றிப் பேசுவேன் என்று வாசகர் வட்ட அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் அதைவிட அதிக நேரம் ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சினிமாவையே கூத்தாடி சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்த ஊர்தானே நம்முடையது!

முதலில் படம். மணிகண்டன் இயக்கி 2015இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’. குப்பத்துப் பையன்கள் இரண்டு பேருக்குப் பீட்சா ஆசை. பாட்டி விளம்பரத் தாளைப் பார்த்து, தோசை மேல் காய்களைத் தூவி, தனக்குத் தெரிந்த பீட்சாவைச் சுட்டுத் தருகிறாள். கடைசியில் நிஜப் பீட்சா வாய்க்குள் போனதும், பாட்டி தோசையே தேவலை என்கிறார்கள். அரங்கம் கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டலில்தான் சந்தேகம். பிள்ளைகளுக்குப் பீட்சா பிடித்துப்போயிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஆசைப்பட்டவன் ஏமாந்தால்தானே நமக்கு நிம்மதி! மற்றபடி அது அருமையான படம், அதில் மாற்றுக் கருத்தில்லை.

பாட்டு வீடியோவில் 2021இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யைச் சொல்வேன். அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. எந்தப் படத்தின் தயவும் இல்லாமல், தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட ஒரு தலைமுறையை நடுவீட்டில் உட்கார வைத்தது. ஆனால் அங்கேயும் நான் வேடிக்கை பார்ப்பவன்தான்.

‘வெண்பா’ என்னை வேடிக்கை பார்க்க விடவில்லை.

டொராண்டோவில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சின்ன நிறுவனம் 2023இல் வெளியிட்ட விளையாட்டு அது. அடுத்த ஆண்டே பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு என்று விருதும் வாங்கியது. கதை 1988இல் தொடங்குகிறது. கனடாவுக்குக் குடிபோன வெண்பாவும் அவள் கணவன் பாவலனும். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் வேளையில் அவள் வயிற்றில் பிள்ளை. கையில் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு, அதுவும் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லி ஊற்ற வேண்டும். தட்டுகளை எப்படி அடுக்குவது? குழிக்கு நேராகக் குழி வந்தால் மேல்தட்டு கீழே இருக்கும் இட்லியை நசுக்கிவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மகன் கவின் வளர்கிறான். நண்பர்களுக்கு அவன் ‘கெவின்’. அம்மா சமையலைக் கண்டால் கூசுகிறான். பிறகு வெளியூர் போய்விடுகிறான். ஒருநாள் வருகிறான் என்று வெண்பா பெரிய சமையலாகச் சமைக்கிறாள். ரேடியோ பாடுகிறது. சமைப்பது அவளா? நாம்தான் சமைக்கிறோம். ஒவ்வொரு பண்டமாக நம் விரல்தான் எடுத்து, போட்டு, கிளறி, இறக்குகிறது. பிள்ளை வரவில்லை.

சினிமாவில் இதே காட்சி வந்தால் அந்தத் தாய்க்காகக் கண்ணீர் விடுவோம். இங்கே எனக்கு வந்தது அழுகையல்ல, எரிச்சல். அரைமணி நேரம் அடுப்படியில் நின்றவனுக்கு வரும் எரிச்சல். ‘டேய், ஒரு போன் பண்ணக்கூடாதா?’ என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். எந்த இயக்குநரும் எனக்கு இதைச் செய்ததில்லை. வேலை வாங்காமல் இந்தக் கோபத்தை வரவழைக்க முடியாது. விமர்சகர்கள் விளையாட்டுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று நான் வாதாடுவது இதற்காகத்தான்.

குறையும் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தப்பாகச் சமைத்தால் மறுபடி செய்யச் சொல்கிறது, அவ்வளவுதான். தீய்ந்த குழம்போடு கதை நகர வேண்டாமா? எந்த வீட்டில் தினமும் சமையல் சரியாக வருகிறது?

செயலாளரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்தில் புத்தகத்துக்குப் பதில் இதை வைப்போம். புரொஜெக்டர் இருக்கிறது, கன்ட்ரோலர் நான் கொண்டு வருகிறேன். முதல் இட்லியைத் தலைவர் ஊற்றட்டும்.