குளிர்பெட்டிக்குள் ஒரு கணினி

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து அறையைக் குளிரச் செய்ய முயல்பவர், சிறிது நேரத்தில் அறை முன்னிலும் வெப்பமடைந்திருப்பதைக் காண்பார். இதனை அறிந்தவர்கள்கூட, சிறியதொரு குளிர்சாதனப் பெட்டிக்குள் கணினியை வைத்துவிட்டால் அது எந்நேரமும் குளிர்ந்தே இருக்கும் என்று எண்ணிவிடுகின்றனர். கணினியின் வேகத்தை மேலும் மேலும் கூட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர் பலருக்குத் தோன்றும் எண்ணம் இது. எண்ணம் இயல்பானதே. ஆயினும், அதனை நம்பிப் பணத்தையும் பொறியையும் இழக்குமுன் அதன் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.

கணினியின் மையச் செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்து வேலை செய்வது. உற்பத்தியாளர் வகுத்த அளவுக்கு மேலாக அத்துடிப்பை விரைவுபடுத்துதலையே ‘ஓவர்குளொக்கிங்’ என்பர். 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரோன் 300ஏ என்னும் செயலி 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கென அமைந்தது. அதனைப் பலர் 450 மெகாஹேர்ட்சில் இயக்கிக் காட்டினர். மேலும் அரைப் பங்கு வேகம் விலையின்றிக் கிடைத்தது. ஆனால், இயற்கை எதனையும் இனாமாகக் கொடுப்பதில்லை. செயலி உண்ணும் மின்வலு துடிப்பின் வேகத்துக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் வளர்வது. வேகத்தை 20 சதவீதமும் மின்னழுத்தத்தை 10 சதவீதமும் உயர்த்தினால், 100 வாற்று உண்ட செயலி ஏறத்தாழ 145 வாற்று உண்ணும். உண்ட மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். வரைகலை அட்டையும் பிற உறுப்புகளும் சேர, விரைவூட்டப்பட்ட கணினியொன்று 300 வாற்று வெப்பத்தை இடையறாது வெளியிடுதல் புதுமையன்று.

இனி, குளிர்சாதனப் பெட்டியின் தன்மை யாது? அது குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியே கொண்டுசென்று கொட்டுகின்றது. 1834ஆம் ஆண்டில் இலண்டனில் யேக்கப் பேர்க்கின்ஸ் காப்புரிமை பெற்ற முறையே இன்றும் அதன் அடிப்படை. எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று உள்ளே ஆவியாகி வெப்பத்தைக் கவர்கின்றது. அவ்வாவியை அமுக்கி அழுத்த, வெளியேயுள்ள குழாய்களில் அது மீண்டும் திரவமாகி, கவர்ந்த வெப்பத்தைக் கைவிடுகின்றது. சிறிய பெட்டிகளின் அமுக்கி பொதுவாக 100 வாற்றுக்கும் குறைந்த மின்வலுவில் இயங்குவது. அது வெளியேற்றவல்ல வெப்பமும் அதனையொத்த அளவினதே. பாலும் பழமும் ஒருமுறை குளிர்ந்தபின், சுவர்களூடாகக் கசியும் சிறிது வெப்பத்தை மட்டும் அகற்றினாற் போதும் என்று கருதி அமைக்கப்பட்ட பொறி அது.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு லீற்றர் நீரை 30 பாகை செல்சியசிலிருந்து 5 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 105 கிலோயூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். 300 வாற்றுக் கணினி அவ்வளவு வெப்பத்தை ஆறு நிமிடத்துக்குள் வெளியிட்டுவிடும். ஆகவே, அதனைப் பெட்டிக்குள் இயக்குதல், ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீர்ப் போத்தல் ஒன்றை இரவும் பகலும் உள்ளே வைத்துக்கொண்டேயிருப்பதற்கு ஒப்பாகும். நாளொன்றுக்கு 240க்கு மேற்பட்ட போத்தல்கள்! அமுக்கி ஓய்வின்றி ஓடி ஓடித் தளர்ந்துவிடும். வெளிவெப்பம் உட்புகாமல் இதுகாறும் தடுத்த தடித்த சுவர்கள், அப்போது உள்வெப்பம் வெளியேறாமல் தடுக்கத் தொடங்கும். குளிர்பெட்டி சூளையாகிவிடும்.

கணினியை வெளியே வைத்து, பெட்டிக்குள் நீர்த்தொட்டியொன்றை மட்டும் வைத்துக் குழாய்வழி நீரைச் சுற்றவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். 5 பாகையிலுள்ள 10 லீற்றர் நீர், 300 வாற்று வெப்பத்தை ஏற்று 30 பாகையை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். பெட்டியின் உழைப்பினால் இன்னுஞ் சிறிது தாமதமாகலாம், அவ்வளவே. அந்த முதலாவது மணி நேரமே மனிதரை மயக்குகின்றது. வெப்பமானி தாழ்ந்து நிற்கக் கண்டவர், வெற்றி கிட்டியது என்று மகிழ்கின்றார். உண்மையில் அவர் செலவிடுவது முன்னே சேர்த்துவைத்த குளிர்ச்சியை. முதல் கரைந்தபின் வட்டி ஏது?

வேறோர் இடரும் உண்டு. காற்றின் வெப்பநிலை 30 பாகையாகவும் சாரீரப்பதன் 75 சதவீதமாகவும் உள்ள கடலோர ஊரில், ஏறக்குறைய 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எப்பொருளிலும் நீர் துளிர்க்கும். குளிர்ந்த போத்தலின் புறத்தே வியர்வை அரும்புவதை அறியாதார் இல்லை. நன்றாக மூடிய பெட்டிக்குள் காற்று சிறிது உலர்ந்திருக்கக்கூடும். ஆனால், கம்பிகளுக்காகத் துளையிட்ட இடத்திலும், கதவு திறக்கும் வேளையிலும் ஈரக்காற்று புகுந்துவிடும். நுண்ணிய மின்சுற்றின்மீது படியும் ஒரு துளி நீர், பல நாட் சேமிப்பில் வாங்கிய பொறியை ஒரு நொடியில் பாழாக்கவல்லது.

அங்ஙனமாயின், குளிரூட்டும் பொறியினால் கணினியைக் குளிர்வித்தல் இயலாததா? இயலும், முன்னரே செய்தும் காட்டியுள்ளனர். சீமோர் கிரே வடிவமைத்து, 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட கிரே-1 என்னும் பெருங்கணினி, பிரெயோன் என்னும் குளிர்பொருளால் குளிர்விக்கப்பட்டது. அக்கணினி 100 கிலோவாற்றுக்கும் மேற்பட்ட மின்வலுவை உண்டது; அதன் வெப்பத்தைச் சுமக்கவல்ல குளிரூட்டும் பொறியும் அதற்கெனவே அமைக்கப்பட்டது. 1990களின் இறுதியில் கிரையோடெக் என்னும் அமெரிக்க நிறுவனம், குளிர்பொருள் ஆவியாகும் உறுப்பைச் செயலியின்மீதே நேராகப் பொருத்தி, ஈரம் அணுகாவண்ணம் சுற்றிலும் காப்பிட்டு மேசைக் கணினிகளை விற்றது. 2011ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எஃப்எக்ஸ் செயலி 8.429 கிகாஹேர்ட்ஸ் வேகத்தை எட்டியது திரவ ஹீலியத்தின் துணையினால்; அது சாதனைக்காக நிகழ்த்திய சோதனையேயன்றி அன்றாடப் பயன்பாடன்று. இவர்களுள் எவரும் கணினியைப் பெட்டிக்குள் அடைத்து வைக்கவில்லை. எவ்வளவு வெப்பம், எவ்விடத்தில், எவ்வளவு விரைவாக என்று கணக்கிட்டே தொடங்கினர்.

வீட்டுக் கணினிக்கு வேண்டுவது இன்னும் எளியது. செப்பு வெப்பக் குழாய்களும் அகன்ற தகடுகளும் கொண்ட நல்லதொரு விசிறி, அல்லது நீரின் வெப்பத்தை அறைக்காற்றுக்கு விடும் கதிர்த்தி, 300 வாற்றையும் சலியாது சுமக்கும். அவை எதனையும் அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்வதில்லை. ஆதலால் நீர் துளிர்க்கும் அச்சமும் இல்லை. தூசியை அகற்றுதலும், தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் குறைத்தலும் காசு செலவில்லாத மருந்துகள். குளிர்ந்த இடத்தைத் தேடுவதைவிட, வெப்பம் போவதற்கு வழி விடுவதே அறிவுடைமை. பாலுக்கும் பழத்துக்கும் பெட்டி, கணினிக்குக் காற்றோட்டம்.