பூட்டை இழுத்துப் பார்க்கிறோம். கூரையைத் தட்டிப் பார்க்கிறோமா?

(திண்டுக்கல்லில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். இரவில் கடையைச் சாத்தும் வியாபாரி என்ன செய்கிறார்? பூட்டைப் பூட்டுகிறார். சாவியைப் பையில் போடுவதற்கு முன்னால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். பாதி வழி போனபின் சந்தேகம் வந்தால் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். சரக்கின் மீது அவ்வளவு அக்கறை!

அதே வியாபாரியின் பிள்ளை மாலையில் மக்தபில் ஓதுகிறது. காலையில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் தலைக்கு மேல் இருக்கும் கூரையை யாராவது ஒருமுறை தட்டிப் பார்த்தோமா? சிந்தித்துப் பாருங்கள்!

இதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதரஸாவின் நிர்வாகக் குழுவில் நானும் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். மழை முடிந்த ஒரு நாள், பிள்ளைகள் எழுந்து போன அரை மணி நேரத்தில் சீலிங்கிலிருந்து ஒரு பாளம் விழுந்தது. தூக்கிப் பார்த்தோம், இரண்டு கைக்கும் கனமாக இருந்தது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. நாங்கள் என்ன செய்தோம்? ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்ட் பூசினோம். வெள்ளை அடித்தோம். அந்தச் செலவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த ஆண்டு ஒரு பொறியாளர் தற்செயலாக வந்தார். மரச்சுத்தியலால் அந்தத் தளத்தை இடம் இடமாகத் தட்டினார். சில இடங்களில் 'ணங்' என்றது. பல இடங்களில் 'டொப் டொப்' என்று உள்ளே பொத்தலான சத்தம். "ஹஜ்ரத், நீங்கள் நோயைக் குணப்படுத்தவில்லை, புண்ணை மூடி வைத்திருக்கிறீர்கள்" என்றார். அன்றே அந்த அறையைப் பூட்டினோம். அந்த ஒரு வருடம் அதன் கீழே உட்கார்ந்து ஓதிய பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்திலேயே இந்த நிலை!

இது ஏழைகளின் பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளிகள் திறக்கச் சில நாட்களே இருந்த வேளையில், இங்கிலாந்து அரசு நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் பாதுகாப்பற்ற கட்டடங்களை மூடச் சொன்னது. பின்னர் அந்தப் பட்டியல் 230 பள்ளிகளைத் தாண்டியது. காரணம் என்ன? 1950-களிலிருந்து அங்கே பொதுக் கட்டடங்களின் கூரைகளுக்குப் போட்ட ஒரு வகை இலகு கான்கிரீட் பலகை.

சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் இவற்றோடு சிறிது அலுமினியத் தூளைச் சேர்ப்பார்கள். இட்லி மாவு பொங்குவதுபோல் கலவை பொங்கி எழும். அதை வெட்டி, அழுத்தமான நீராவியில் வேக வைப்பார்கள். இதில் ஜல்லி கிடையாது. பாதிக்கு மேல் காற்றுக் குமிழிதான். சாதாரண கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2400 கிலோ இருக்கும். இது 500 முதல் 700 கிலோதான். எடை குறைவு, வேலை சுலபம், செலவும் மிச்சம். ஆனால் பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். உள்ளே இருக்கும் கம்பிக்குச் சாதாரண கான்கிரீட் தரும் பாதுகாப்பை இது தராது. முப்பது ஆண்டு உழைக்கும் என்று சொல்லப்பட்ட பொருள், ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகளின் தலைக்கு மேல் இருந்தது.

2018-ல் கெண்ட் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கூரை வார விடுமுறையில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. அதற்கு முன் போதுமான எச்சரிக்கை எதுவும் தெரியவில்லை. 2023 கோடையிலோ, ஆபத்துக் குறைவு என்று எண்ணியிருந்த இடத்திலேயே பலகை விழுந்தது. அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது.

இந்தப் பொருள் நம் நாட்டுக்கும் புதிதல்ல. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1971-லேயே கம்பி வைத்த இந்தக் கூரைப் பலகைக்கு ஐ.எஸ். 6073 என்ற தர விதியை வெளியிட்டது. புனேயில் 'சிபோரெக்ஸ்' என்ற பெயரில் இது உற்பத்தியும் ஆனது. எனவே பழைய பொதுக் கட்டடம் எதுவாயினும், கூரை எந்தப் பொருளால் ஆனது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒரு விளக்கம். இன்று நம் ஊரில் சுவர் கட்டப் பயன்படும் சாம்பல் நிற ஏ.ஏ.சி. பிளாக் இதே குடும்பம்தான். ஆனால் அது கம்பி இல்லாத சுவர்க்கல். கூரையைத் தாங்கும் பலகை அல்ல. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

நம் தலைக்கு மேல் என்ன இருக்கிறது?

திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் பெரும்பாலும் நாம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மச்சு. மற்றொன்று, கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம். மச்சில் கட்டையின் முனை சுவருக்குள் இருக்கும். கரையானும் ஈரமும் அங்கேதான் வேலை செய்யும், கண்ணுக்குத் தெரியாது. கான்கிரீட்டில் எதிரி துரு. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பாளம் விழுவது இதனால்தான்.

இதோடு நாம் செய்யும் அநியாயம் ஒன்று உண்டு. மாடி ஒழுகினால் பழைய தட்டோட்டையும் செங்கல் ஜல்லியையும் எடுக்காமல், அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுகிறோம். முப்பதுக்கு இருபது அடி ஹாலின் மேல் நான்கு அங்குலச் சுண்ணாம்பு ஜல்லி போட்டால் சுமார் பத்து டன். ஒரு லாரிச் சரக்கைக் கூரையில் நிரந்தரமாக இறக்கி வைக்கிறோம்! அதன் மேல் இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அது இரண்டு டன். வாடகை வருகிறது என்று செல்போன் கோபுரம். மேல்மாடியில் உளூச் செய்யும் இடம். அங்கிருந்து தளத்துக்குள் இறங்கும் ஈரம்.

வியாபாரிகளுக்குப் புரியும் கணக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, வகுப்பறைக்குச் சுமார் 300 கிலோ என்று வைத்துத்தான் பொறியாளர் வடிவமைக்கிறார். ஐம்பது கிலோ வெங்காய மூட்டையைப் பத்து அடுக்காக அடுக்கினால், அது நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும். கீழே கடை, மேலே பழைய வீடு, அந்த வீட்டை இப்போது குடோனாக்கிவிட்டோம். இதை எந்தப் பொறியாளரிடம் கேட்டோம்?

விழுந்த கூரைகள்

2017 செப்டம்பர் 7. கோவை மாவட்டம் சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை விழுந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்த மக்கள் சிக்கினார்கள். ஐந்து உயிர் போனது. ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 20 அதிகாலை பொறையாறு அரசுப் போக்குவரத்துப் பணிமனையில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஓய்வறையின் கூரை இடிந்தது. உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் எட்டுப் பேர் எழுந்திருக்கவே இல்லை.

2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே தமிழகமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. 2025 ஜூலை 25. ராஜஸ்தானின் ஜாலாவர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் மாண்டார்கள். மேலிருந்து கல் உதிர்கிறது என்று பிள்ளைகள் முன்பே ஆசிரியர்களிடம் சொன்னதாக அப்போது செய்தி வந்தது. பிள்ளை சொன்னதைப் பெரியவர்கள் காதில் வாங்கவில்லை!

சகோதரர்களே! இவற்றில் எது இடி விழுந்து நடந்தது? எது பூகம்பத்தால் நடந்தது? எல்லாம் பழுது, பார்க்காமல் விட்ட பழுது. இதை 'விதி' என்று சொல்லிக் கையைக் கழுவ நமக்கு அனுமதி இல்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுப் போனவனின் கதையை நாமே மேடை மேடையாகச் சொல்கிறோம் அல்லவா?

சோதனை என்றால் என்ன?

சோதனை என்றதும் கட்டடத்தை உடைப்பார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. முதலில் கண்ணால் பார்ப்பது: வெடிப்பு, தொங்கல், ஈரக்கறை, துருக்கறை. பிறகு தட்டிப் பார்ப்பது. அடுத்து, 'ரீபவுண்ட் ஹேமர்' என்ற கருவி. விசையால் அடித்துத் திரும்பும் அளவை வைத்துக் கான்கிரீட் மேற்பரப்பின் கடினத்தை மதிப்பிடும். இன்னொன்று ஒலியலைச் சோதனை. நல்ல கான்கிரீட்டில் ஒலி வேகமாக ஓடும். பொத்தலும் வெடிப்பும் இருந்தால் தாமதமாகும். வினாடிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகக் காட்டினால் கவலைப்பட வேண்டும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்த பினாப்தலீன் நினைவிருக்கிறதா? புதிதாக உடைத்த கான்கிரீட்டில் அதைத் தெளித்தால் நல்ல பகுதி ரோஜா நிறமாகும். நிறம் மாறாத பகுதி கம்பியைக் காக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று பொருள். தேவைப்பட்டால் சிறு உருளையாகக் கான்கிரீட்டை அறுத்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். அறுத்த துளையை உடனே அடைத்துவிடலாம்.

இலகு கான்கிரீட் பலகைக்கு முறை வேறு. சாதாரண கான்கிரீட்டுக்கான சுத்தியல் அளவு அதற்குப் பொருந்தாது. பலகையின் நடுவில் எவ்வளவு தொங்குகிறது, முனை சுவரில் எத்தனை அங்குலம் உட்கார்ந்திருக்கிறது, அந்த முனையில் குறுக்குக் கம்பி உண்டா, எங்கே ஈரம் ஏறியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும்.

சான்று வாங்குவது வேறு, சோதிப்பது வேறு

'தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் (உரிமம்) சட்டம்' 1965-லிருந்தே இருக்கிறது. பள்ளி நடத்துவோர் கட்டட உறுதிச் சான்று வாங்கி, தாசில்தாரிடம் உரிமம் பெற வேண்டும். சட்டம் இருக்கிறது. ஆனால் கட்டடத்தின் பக்கமே வராமல் போடும் கையெழுத்தை நாம் கேட்டால் என்ன ஆகும்? காகிதம் உறுதியாக இருக்கும். கூரை உறுதியாக இருக்காது. நம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைக்க அதிகாரி சோதித்துப் பார்க்கிறார். சோதிக்காமல் முத்திரை வைத்தால் அதை மோசடி என்போம். கூரைக்கு மட்டும் வேறு நியாயமா?

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! உங்கள் தெருவில் இருக்கும் பள்ளிக்கூடம், மதரஸா, நூலகம், அங்கன்வாடி, கல்யாண மண்டபம் ஆகியவற்றை எழுதுங்கள். எந்த ஆண்டு கட்டியது, கூரை எந்த வகை, பிறகு மேலே என்ன ஏற்றினார்கள், எங்கே ஒழுகுகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மறுபடி போய்ப் பாருங்கள். அரசுக் கட்டடமானால் படத்தோடு தலைமை ஆசிரியருக்கும் ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அது எந்தச் சமுதாயத்துப் பிள்ளை படிக்கும் பள்ளி என்று பார்க்காதீர்கள். விழும் கூரை பெயர் கேட்டு விழாது.

வியாபாரப் பெருமக்களே! நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் நீங்கள். மினாராவுக்கு விளக்கு, தரைக்கு மார்பிள், வாசலுக்கு வளைவு என்று கேட்டால் பணம் தருகிறீர்கள். கல்வெட்டில் பெயர் வருகிறது. சோதனைக்குக் கொடுத்த பணத்துக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனாலும் முதலில் அதற்குக் கொடுங்கள். வக்ஃபுக் கட்டடம் நம் சொத்தல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கீழே வந்து உட்காரும் பிள்ளையும் அமானிதம்தான்.

பொறியாளர் சந்தேகம் சொன்னால் அறையை அன்றே பூட்டுங்கள். "பரீட்சை முடியட்டும், ரமலான் முடியட்டும், கல்யாண சீசன் போகட்டும்" என்று தவணை சொல்லாதீர்கள். கடனுக்குத் தவணை உண்டு. துருவுக்குத் தவணை கிடையாது. மரத்தடியில் ஓதிய பிள்ளைக்கு ஓதியது மறந்துபோகாது.

இதைப் படிக்கும் சகோதரரே! இன்றிரவு கடைப் பூட்டை வழக்கம்போல் இழுத்துப் பாருங்கள். நாளைக் காலை உங்கள் பிள்ளை உட்காரும் இடத்துக்குப் போய், ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஈரக்கறையோ துருக்கறையோ தெரிந்தால், கொத்தனாரைக் கூப்பிடும் முன்னால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.